காருக்குள்ளிருந்து எடுத்த சுவர்

திருச்சுழியில் அப்ரோஸ் பேகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய கோபத்தைத் தெரியாதவர்கள் இல்லை. சிலிண்டரை வாசலிலேயே உருட்டிவிட்டுப் போகிற ஆள், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வாயைத் திறக்காமல் அடுப்படி வரை தூக்கிக்கொண்டு போய் வைப்பார். எடையில் கொஞ்சம் முன்னே பின்னே பழகிய மீன்காரர், அவள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பும்போதே தராசுத் தட்டைத் துடைத்து வைத்துக்கொள்வார். இதையெல்லாம் ஊர் சிரித்துக்கொண்டு சொல்லும், அவள் காதில் விழாத தூரத்தில் நின்று.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பத்து வயதில் ஒரு நாள், பின்னால் எடுத்த லாரி ஒன்று கடையின் பாய்லரைத் தள்ளிவிட்டு நிற்காமல் கிளம்பியது. அத்தாவும் டீ குடித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களும் லாரியின் நம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் ஓடிப்போய் நடுரோட்டில் நின்றுவிட்டாள். லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து பாய்லரை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு அவளுக்கு ஒன்று பிடிபட்டது. கத்தினால் நடக்கும், கத்தாவிட்டால் நடக்காது. அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக அதை மாற்றிக்கொள்ள அவளுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

பத்தொன்பது வயதில் அப்துல் வாஹித்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வாய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய மனிதர். சவூதியில் தம்மாமில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கைலி, துண்டு, பனியன் விற்கும் கடை வைத்தார். அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. அதனால் அவருக்கும் சேர்த்து இவளே கோபப்பட்டாள். "அதான் நீ இருக்கேல்ல, நான் வேற எதுக்குக் கத்தணும்" என்பார். அவர் அப்படிச் சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது.

வீடு அவருடைய அத்தா மதார் சாகிபு கட்டியது, பாகம் பிரித்தபோது இவருக்கு வந்தது. மல்லியும் வத்தலும் வாங்கி விற்றவர் என்பதால் முன்பக்கம் மூட்டை அடுக்கக் கிட்டங்கி, பின்பக்கம் குடியிருப்பு, இரண்டுக்கும் சேர்த்துத் தெரு நெடுக ஒரே சுவர். செங்கலும் சுண்ணாம்புக் காரையும். கிட்டங்கியை இப்போது நாகஜோதி வாடகைக்கு வைத்திருக்கிறாள். அவள் பக்கத்துக் கிராமத்து விவசாயி வீட்டுப் பெண். அறுப்பில் மல்லி வாங்கி அடுக்கி, விலை ஏறும்போது விற்பவள். ஈரக்காற்று பட்டாலே மல்லி கறுத்துவிடும். ஒழுகுகிற இடத்தில் மூட்டை போட அவளுக்கு ஒன்றும் கிறுக்குப் பிடிக்கவில்லை.

வருஷா வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்னால் அப்ரோஸ் பேகம் மட்டப்பாவில் ஏறி, மழைத் தண்ணீர் இறங்கும் தூம்புகளில் அடைந்துகிடக்கும் வேப்பஞ்சருகை அள்ளிப் போடுவாள். ரமலானுக்கு முன் ஆள் வைத்து வெள்ளையடிப்பாள். அந்த ஆட்கள் அவளிடம் வாங்கும் பேச்சு தனி. மழையே பெய்யாத ஊரில் எதற்கு இந்தக் கூத்து என்று எதிர்வீட்டில் கேலி செய்வார்கள். "பெய்யுற அன்னைக்கு நீ வந்து அள்ளுவியா?" என்று மேலே நின்றபடியே கேட்பாள்.

இந்த வருஷம் ஆடியில், கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த அப்துல் வாஹித் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அப்ரோஸ் பேகம் வெள்ளைச் சேலை உடுத்தி இத்தா உட்கார்ந்தாள். கணவன் மவுத்தானால் மனைவி நாலு மாதம் பத்து நாள் அவன் வீட்டிலேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது, அவசரம் ஆபத்து இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. கொழுந்தனும் அந்நியன் கணக்குத்தான். யாருக்கும் அடங்காதவள் இதற்கு எப்படி அடங்குவாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் அடங்கவில்லை. அந்த மனிதருக்குச் செய்ய மிச்சமிருக்கும் கடைசிக் காரியம் இது, இதிலும் குறை வைக்க மாட்டேன் என்ற பிடிவாதத்தில் இருந்தாள்.

அப்துல் வாஹித்துக்கு ஒரே தம்பி, சாதிக். கத்தாரில் இருந்துவிட்டு வந்து பாளையம்பட்டியில் ரியல் எஸ்டேட் ஆபீஸ் போட்டிருக்கிறான். அவனுக்கு உலகத்தில் வீடு, தோட்டம், கொல்லை எதுவும் கிடையாது, எல்லாம் சைட்டு. அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஷரீஅத்படி பாதி மகள் நஸ்ரினுக்கு, ஒரு சிறு பங்கு மனைவிக்கு, மீதி தம்பிக்கு. அதில் அப்ரோஸ் பேகத்துக்குச் சண்டையே இல்லை. அவன் பங்கை அவன் கேட்கட்டும், கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றுதான் இருந்தாள். ஆனால் சாதிக்குக்கு வேண்டியது பங்கு இல்லை, முழு இடம். கல்யாண மண்டபம் கட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குச் சார்ஜாவில் இருக்கும் நஸ்ரின் பவர் எழுதித் தர வேண்டும். மகளே எழுதிவிட்டால், தன் சிறு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மதினியால் எதிர்த்து நிற்க முடியாது என்பது அவன் கணக்கு. பெற்ற தாய் குடியிருக்கும் வீட்டுக்கு எந்த மகள் எழுதித் தருவாள்? அந்த வீடு தாயின் தலையில் விழப்போகிறது என்றால் தருவாள்.

ஐப்பசியில் முதல் மழை பிடித்த அன்று, சாதிக்கின் கார் சுவருக்கு எதிரே வந்து நின்றது. அப்ரோஸ் பேகம் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கண்ணாடி ஏற்றியபடியே இருந்தது, கறுப்பு ஷீட் ஒட்டிய கண்ணாடி. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. மழையில் மதினி தனியாக இருக்கிறாளே என்று பார்த்துவிட்டுப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த அடுப்படியில் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிட்டவன். இத்தாவாகிப்போனதால் ஒரு டீக்குக்கூடக் கூப்பிட முடியவில்லையே என்று வருத்தம்கூடப் பட்டாள். பின்னால் அந்த வருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாலையில் அஸர் தொழுதுவிட்டு எழுந்தபோது போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் சாதிக் போட்டோக்கள் போட்டிருந்தான். முதலில் அவளுக்கே எந்த வீடு என்று தெரியவில்லை. சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. மேல்விளிம்பு கோணல்மாணலாக இறங்கியது. கிட்டங்கிக் கதவு இரண்டாக மடங்கியிருந்தது. வெள்ளைச் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பாசி பிடித்தது போல் இருந்தது. கூடவே சாதிக்கின் குரல்: "மதினி இத்தாவுல இருக்காக, நான் உள்ள போக முடியாது. வெளியில இருந்து பாத்ததுக்கே ஈரக்கொலை நடுங்கிருச்சு. இன்னும் ரெண்டு மழை தாங்காது. எல்லாரும் துவா செய்ங்க."

எல்லாரும் துவா செய்தார்கள். தம்மாமிலிருந்தும் குவைத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் அழுகிற பொம்மைகளும் விரித்த கைகளுமாக வந்து விழுந்தன. ஒருவராவது ஒரு பஸ் ஏறி வந்து பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவரின் மேல் தண்ணீர்ச் சொட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் கார் ஜன்னலின் ரப்பர் விளிம்பு. மழை வழியும் கண்ணாடிக்குள் உட்கார்ந்து, அதை இறக்கக்கூடச் செய்யாமல் எடுத்திருக்கிறான். வழிகிற தண்ணீருக்குப் பின்னால் எந்தச் சுவர் நேராக நிற்கும்? கறுப்பு ஷீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் எந்தச் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும்? நனைந்துவிடுவோம் என்று சோம்பலில் எடுத்திருந்தால் அது ஒரு பிழை. எடுத்ததைப் பார்த்து, இதுவே நமக்குத் தோது என்று அனுப்பியிருக்கிறானே, அதுதான் அவளை எரித்தது.

அதே குரூப்பில் அவள் பேசினாள். ஒரு மூச்சில், தெரு முழுக்கக் கேட்கும்படி. "ஏன்டா சாதிக்கு, எறங்கி நின்னு எடுக்க ஒனக்குக் காலு இல்லையா? காருக்குள்ள உக்காந்து கண்ணாடிய எடுத்துட்டு என் வீட்டை எடுத்தேன்னு சொல்றியே, நீ சோறு தின்ன வீடுடா இது." அதற்குமேலும் பேசினாள். அதெல்லாம் எழுதத் தக்கது இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சாதிக் ஒரே வரி போட்டான்: "மதினி கோவத்துல பேசுறாக. அண்ணன் போன துக்கம். யாரும் தப்பா எடுக்காதீக." அவ்வளவுதான், அவன் நல்லவனாகிவிட்டான். அவள் கோபக்காரி, அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்.

நஸ்ரின் அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

"அம்மா, அங்கிட்டு ஒரு ஊர்ல பழைய சுவரு விழுந்து ஒரு குடும்பமே போச்சாம், நியூஸ்ல காட்டுறான். நீங்க சாதிக் சின்னத்தா வீட்டுக்குப் போங்க. ஆபத்துன்னா இத்தாவுல எடம் மாறலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாகளாம்."

"ஆபத்துன்னு அவுககிட்ட யாரு சொன்னா? அந்தப் போட்டோவைக் காட்டித்தான கேட்டிருப்பான்?"

"போட்டோ பொய் சொல்லுமாம்மா?"

"நான் சொல்லுவேனா?"

நஸ்ரின் சொன்னாள், "நீங்க எப்பவும் இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் கோவம். கோவத்துல உங்களுக்கு எதிர்ல இருக்கது தெரியாது."

அப்ரோஸ் பேகம் போனை வைத்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க அவளுக்குக் கைகொடுத்த கோபம், இன்றைக்கு அவள் சொல்லுக்கே எதிர்ச்சாட்சியாக நின்றது. நிதானமாகச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைக்க வைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மறுநாளிலிருந்து அவளும் போட்டோ எடுத்தாள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே உள்கூரையை எடுத்து அனுப்பினாள், ஒரு சொட்டு ஈரம் இல்லை. உள்ள நல்லாத்தான் இருக்கும், வெளிச்சுவருதான் போச்சு என்றான் சாதிக். மட்டப்பாவில் ஏறி மேலிருந்து சுவரை எடுத்தாள். மேலருந்து எடுத்தா வயிறு தள்ளுனது எப்படித் தெரியும் என்றான். தெருவில் நின்று எடுத்தால்தான் தெரியும், தெருவுக்குப் போக அவளால் முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இத்தா என்றால் என்னவென்று அந்த வீட்டுக்குள் நுழையாமல் இருப்பதற்கு மட்டும் ஞாபகம் வைத்திருந்தவன், அதை வைத்தே அவளைக் கட்டிப்போட்டான்.

நாகஜோதி மூட்டை பார்க்க வந்தபோது விஷயத்தைக் கேட்டாள். "என்ன அக்கா இது, சுவரு போச்சுன்னா என் மல்லி இந்நேரம் புளிச்ச மாவா ஆயிருக்காதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, தெருவில் இறங்கி நின்று தன் போனில் எடுத்துக் கொடுத்தாள். அன்று வெயில் அடித்தது. போட்டோவில் சுவர் பளிச்சென்று, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அப்ரோஸ் பேகம் அதைக் குரூப்பில் போட்டாள்.

"இது அண்ணன் இருந்தப்ப வெள்ளையடிச்சு எடுத்தது. பழைய போட்டோ," என்று பதில் போட்டான் சாதிக்.

மேலும் சில நாள் வெயில் அடித்தது. அந்த நாட்களில் எல்லாம் சாதிக்குக்குத் திருச்சுழிப் பக்கம் வர நேரமில்லை. வானம் மறுபடி இருண்ட அன்று காலை நஸ்ரின் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை, முடிவு எடுத்துவிட்ட குரல். "இன்னைக்குச் சின்னத்தா நம்ம வீட்டுக்கு எதிர்ல நின்னு எனக்கு வீடியோ காலு போடுறேன்னு இருக்காக. நானே பாக்கப்போறேன். பாத்துட்டு நாளைக்குப் போயிப் பவர் எழுதிருவேன். எனக்கு அத்தா போயிட்டாக, நீங்களாவது இருக்கணும்மா."

அந்தக் கடைசிச் சொல்லில் இருந்த பாசம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பாசத்தைத்தான் சாதிக் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

மதியம் லுஹர் தொழுது முடித்தபோது மழை வலுத்துவிட்டது. கார் வந்து அதே இடத்தில் நின்றது. முன் இருக்கையில் மண்டபக்காரர் உட்கார்ந்திருப்பது முன் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. வீட்டுப் பக்கத்துக் கண்ணாடி ஏற்றியபடியே இருந்தது, அதற்குள் ஒரு போனின் வெளிச்சம். அவன் காட்டிக்கொண்டிருக்கிறான். கடல் தாண்டி உட்கார்ந்து மகள், தான் பிறந்து வளர்ந்த வீடு தண்ணீரில் கரைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்ரோஸ் பேகம் வாசல் நிலையில் நின்றாள். இத்தனை நாள் ஒரு நாள்கூட இந்த நிலையைத் தாண்டியதில்லை. அப்துல் வாஹித் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாள். அவர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார், அவளைத்தான் பார்த்திருப்பார். முந்தானையை இழுத்துத் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

தெருவில் ஓடிய தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. நேரே போய்க் காரின் ஜன்னலுக்கு முன்னால் நின்று, முந்தானையின் மறுமுனையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மழை வழிந்தது. உள்ளங்கையால் கண்ணாடியில் அறைந்தாள்.

"இறக்கு."

கண்ணாடி நாலு விரல் இறங்கியது. சாதிக்கின் முகம் வெளுத்திருந்தது. "மதினி, இத்தாவுல இருந்துக்கிட்டு இப்படி நடுத்தெருவுல..."

"அவசரத்துக்கு இறங்கலாம்ல. நீதான ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டுக்கிட்டு வந்த. முழுசா இறக்கு."

அவன் இறக்கினான். மழை உள்ளே அடித்து அவன் சட்டையையும் சீட்டையும் நனைத்தது. கையில் இருந்த போனில் நஸ்ரின் இருந்தாள், வாயில் கை வைத்தபடி.

"அம்மா, என்னம்மா இது, நனையுறீகளே. உள்ள போங்க."

"என்னைப் பாக்காத. சுவரைப் பாரு."

அவள் விலகி நின்றாள். பின்னால் தெரு நெடுக மதார் சாகிபு கட்டிய சுவர், மழையில் குளித்துக்கொண்டு, விளிம்பு தப்பாமல் நின்றது. தூம்புகளிலிருந்து தண்ணீர் சுவரைத் தொடாமல் எட்டத் தள்ளி விழுந்தது.

முன் இருக்கையில் இருந்த மண்டபக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாய், நாங்கதான் இடிச்சுக்கிறோம்னு சொன்னோமே. விழப்போகுதுன்னு இவுககிட்ட எதுக்குச் சொன்னீக?"

போனில் நஸ்ரினின் குரல் வந்தது, இப்போது மெதுவாக. "சின்னத்தா, காரை விட்டு இறங்குங்க. இறங்கிச் சுவருக்கிட்ட போயிக் காட்டுங்க."

சாதிக் இறங்கினான். அண்ணனை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு முன்னால் அவன் கால் தரையில் பட்டது அன்றைக்குத்தான். அப்ரோஸ் பேகம் அதைப் பார்க்க நிற்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நனைந்த வெள்ளையை அவிழ்த்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வேறொரு வெள்ளை உடுத்தினாள். மிச்சம் இருக்கும் இத்தாவை இருந்து முடிக்க வேண்டும்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு நஸ்ரின் கூப்பிட்டாள். பவர் எழுதப் போவதில்லை என்றாள், சின்னத்தாவைக் குரூப்பிலேயே கேட்டுவிட்டேன் என்றாள், மன்னிச்சுக்கங்கம்மா என்றாள். எல்லாவற்றையும் அப்ரோஸ் பேகம் கேட்டுக்கொண்டாள். கோபம் குறைந்துவிட்டதா என்று தன்னைத்தானே பார்த்தாள். குறையவில்லை. சாதிக்கின் மேல் இருந்ததுகூடக் கொஞ்சம் வடிந்திருந்தது. மகள் மேல் இருந்தது அப்படியே இருந்தது.

"கல்யாணமாகிப் போற வரைக்கும் அந்தச் சுவரை ஒட்டித்தான் படுத்திருந்த," என்றாள். "ஒரு மழைக்காவது ஒரு சொட்டு உன் மேல விழுந்திருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப அவன் அனுப்புன போட்டோவை எதுக்குப் பாத்த?"